காருக்கு முன்பணம், கார்டில் கடன்: எல்லையோரக் குடும்பங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன் மேல் விதிக்கப்பட்டு வந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. விலை இறங்கியதும் கார் கனவைத் தள்ளிப்போட்டிருந்த குடும்பங்கள் மறுபடி கணக்குப் போடத் தொடங்கின. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள எல்லையோரம் வாழும் தமிழர்களுக்குப் பொள்ளாச்சியும் பக்கம், பாலக்காடும் பக்கம், கோவையும் எட்டும் தூரம். ஷோரூமுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் முன்பணத்துக்குத்தான். அங்கேதான் அந்தக் கேள்வி எழுகிறது: கையில் கிரெடிட் கார்டு இருக்கிறதே, அதில் தேய்த்துவிட்டால் என்ன?

தேய்க்கலாம். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் தேய்த்த பிறகு என்ன நடக்கிறது என்பதை ஷோரூமில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டும் கடன்தான், ஆனால் இரண்டு ஜாதி

1. வாகனக் கடன்: வங்கி பணம் தருகிறது, கார் அதற்கு ஈடாக நிற்கிறது. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறுகிறது. இதைத்தான் ஹைப்போதிகேஷன் என்றும், சுருக்கமாக ஹெச்.பி. என்றும் சொல்கிறோம். தவணை நின்றால் வங்கி காரை எடுத்து விற்றுக்கொள்ளும்.

2. கார்டு கடன்: ஈடு எதுவும் இல்லாத கடன். வாங்கியது காரா, கட்டிலா என்பது வங்கிக்குப் பொருட்டில்லை. திரும்பி வராமல் போகும் ஆபத்து அதிகம் என்பதால் வட்டியும் அதிகம்.

இந்த வித்தியாசத்தை ரிசர்வ் வங்கியே ஒருமுறை தெளிவாகக் காட்டியது. 2023 நவம்பர் 16 அன்று வங்கிகளின் கிரெடிட் கார்டு கடன்களுக்கான ஆபத்து எடையை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. ஆபத்து எடை என்பது, ஒரு கடனைக் கொடுக்கும்போது வங்கி தன் சொந்த மூலதனத்தில் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல். அதே உத்தரவில் தனிநபர் கடன்களுக்கும் எடை கூடியது; வீட்டுக் கடன், கல்விக் கடன், நகைக் கடன் ஆகியவற்றோடு வாகனக் கடனுக்கும் விலக்கு கிடைத்தது. ஒரே காருக்காக வாங்கும் பணம்கூட, எந்தக் கதவு வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து வேறு கடனாகிவிடுகிறது.

ஷோரூமில் எவ்வளவு தேய்க்க முடியும்?

முழு விலையையும் கார்டில் கட்டுவது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம். கார்டின் வரம்பு அதற்குப் போதாது. வரம்பு போதுமென்றாலும் டீலர் தயங்குவார். கார்டில் வரும் ஒவ்வொரு தொகையிலும் 2 சதவீதம் அளவுக்குச் சேவைக் கட்டணமாக வங்கிப் பக்கம் போய்விடும். கார் விற்பனையில் டீலருக்குக் கிடைக்கும் லாபமே மெலிது. அதனால் பலர் முன்பதிவுத் தொகையை மட்டும் கார்டில் வாங்குகிறார்கள். அதற்கு மேல் தேய்த்தால் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். ரூ.2 லட்சத்துக்கு அது ரூ.4,000. கார்டு தரும் ரிவார்டு புள்ளிகள் நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு என்று வைத்தால் கிடைப்பது ரூ.2,000. புள்ளிக்காகத் தேய்ப்பவர் தொடக்கத்திலேயே ரூ.2,000 நஷ்டத்தில் நிற்கிறார்.

வட்டியை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம்

நம் பக்கம் வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்று வட்டிக்கு ஒருவர் பணம் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டாலே, பாவம், எந்த நெருக்கடியோ என்று ஊர் பரிதாபப்படும். கிரெடிட் கார்டின் வட்டி பெரும்பாலும் மூன்றுக்கும் மூன்றே முக்காலுக்கும் இடையில் இருக்கிறது. வழவழப்பான அட்டையில் வருவதால் அது நமக்கு மூன்றரை வட்டியாகத் தெரிவதில்லை.

அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆக மூன்றரை வட்டி, கைக்கு வரும்போது 4.13 ஆகிறது. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 50 சதவீதம்.

தனியார் கொடுக்கும் கடனில் அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலும் கேரளத்தில் 2012-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. இந்தச் சட்டங்கள் வங்கிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஆணையம் அதில் தலையிட முடியாது என்பது அதன் நிலை. ரிசர்வ் வங்கியோ கார்டு வட்டிக்கு எண் வடிவில் உச்சவரம்பு வைக்கவில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ விகிதம். 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த அது ஜூனில் 5.5 ஆக இறங்கியபோது பல கடன்களின் வட்டி இறங்கியது. கார்டு வட்டி ரெப்போவோடு கட்டப்பட்டதில்லை, அது அசையவில்லை.

இப்போது ஒரு பில்லை அருகில் வைத்துப் படிப்போம். கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் வியாபாரம் செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 5 அன்று காருக்கான முன்பணம் ரூ.2,00,000-ஐக் கார்டில் தேய்க்கிறார். ஜனவரி 20 பில் தேதி. பிப்ரவரி 9 கடைசித் தேதி. பில்லின் தலைப்பகுதியில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: மொத்த நிலுவை ரூ.2,00,000, குறைந்தபட்சத் தொகை ரூ.10,000. அவர் ரூ.10,000-ஐக் கடைசித் தேதியன்று சரியாகக் கட்டுகிறார். தாமதக் கட்டணம் இல்லை; வங்கியிலிருந்து நன்றி சொல்லிக் குறுஞ்செய்தியும் வருகிறது.

பிப்ரவரி 20 அன்று அடுத்த பில். முழுத் தொகையையும் கட்டாததால் வட்டியில்லாக் காலச் சலுகை ரத்தாகி, வட்டி ஜனவரி 5-லிருந்தே ஓடுகிறது. முதல் 35 நாளுக்கு ரூ.2,00,000 மீதும், அடுத்த 11 நாளுக்கு ரூ.1,90,000 மீதும் மூன்றரை வட்டி. வட்டி ஏறக்குறைய ரூ.10,460, ஜி.எஸ்.டி. ரூ.1,880. புதிய நிலுவை சுமார் ரூ.2,02,340. முதல் பில்லில் 46 நாள் வட்டி ஒன்றாகச் சேர்வதால், பத்தாயிரம் கட்டிய பிறகும் கடன் தொடங்கிய இடத்தைத் தாண்டி நிற்கிறது.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் பெருகிப் போகாதபடி அந்தத் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறை சொல்கிறது. பெருகாது என்பதற்குக் கரையும் என்று பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இவர் மாதந்தோறும் ரூ.10,000 விடாமல் கட்டினால் தீர்வதற்கு 46 மாதம் ஆகும், சுமார் ரூ.4.56 லட்சம் போய்ச் சேரும். நிலுவை குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறையும். அதை மட்டும் கட்டுபவருக்கு இன்னும் நீளும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாமலே போகிறது. நிலுவை வைத்திருக்கும் காலத்தில் அதே கார்டில் போடும் பெட்ரோலுக்கும் வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி தொடங்கிவிடும். புதுக் கார் வந்த வீட்டில் பெட்ரோல் செலவு கூடுவதும் அதே மாதத்தில்தான்.

ஒரே ரூ.2 லட்சம், நான்கு கதவுகள்

1. வாகனக் கடனோடு சேர்த்து வாங்கினால்: 10 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை சுமார் ரூ.9,230. மொத்த வட்டி ரூ.21,500.

2. கார்டில் தேய்த்து இ.எம்.ஐ.யாக மாற்றினால்: 15 சதவீதம் என்று கொண்டால் 24 மாதத்துக்கு வட்டி ரூ.32,700, அதன் மேல் ஜி.எஸ்.டி. ரூ.5,900. தொடக்கக் கட்டணம் தனி. கார்டின் மேல் தரும் உடனடிக் கடனும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். வட்டி இல்லாத இ.எம்.ஐ. என்று சொல்லும் இடத்தில், ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

3. இ.எம்.ஐ. ஆக்காமல் நிலுவையாகவே விட்டு, 24 மாதத்தில் சம அளவாகத் தீர்த்தால்: மாதம் சுமார் ரூ.13,290. வட்டியும் வரியும் சேர்ந்து ரூ.1.19 லட்சம்.

4. ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்தால்: முதலிலேயே 2.5 சதவீதம் அளவுக்குக் கட்டணம், அதன் மேல் வரி. வட்டியில்லாக் காலம் ஒரு நாள்கூட இல்லை. ரொக்கம் எடுக்கும் வரம்பும் கார்டு வரம்பில் ஒரு பகுதிதான்.

மூன்றாவது கதவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ரூ.8 லட்சம் காருக்கு ரூ.6 லட்சம் வங்கிக் கடன் என்றால், 10 சதவீதத்தில் 5 ஆண்டுத் தவணை ரூ.12,750. கார்டில் இருக்கும் ரூ.2 லட்சத்துக்கு ரூ.13,290. காலம் குறைவு என்பது ஒரு காரணம்தான். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குடும்பம் மாதம் ரூ.26,000 எடுத்து வைக்க வேண்டும். காரின் தவணை ரூ.12,750 என்றுதான் வீட்டில் பேசி முடிவெடுத்திருப்பார்கள்.

வங்கி ஏன் முன்பணம் கேட்கிறது?

முழு விலைக்கும் கடன் கொடுத்தால் வங்கிக்கு வட்டி கூடக் கிடைக்குமே, பிறகு ஏன் ஒரு பகுதியை நம் கையிலிருந்து போடச் சொல்கிறது? கார் ஷோரூம் வாசலைத் தாண்டிய நாளிலேயே பழைய வண்டி ஆகிவிடுகிறது. மறுநாள் விற்றால் கொடுத்த விலை வராது. சாலை வரியும் காப்பீடும் விற்பனை விலையில் திரும்பாது. கடன் தொகை எப்போதும் காரின் மறுவிற்பனை மதிப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் முன்பணம். அது வங்கியைக் காக்கிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம், நம்மையும் காக்கிறது. வருமானம் நின்றுபோனால் காரை விற்றுக் கடனை முடித்துவிட்டு, கடனில்லாமல் வீட்டுக்கு நடந்து போகலாம்.

முன்பணமும் கார்டுக் கடனாக இருந்தால் அந்த வழி அடைபடுகிறது. காரின் மதிப்பு ரூ.6.5 லட்சம், மொத்தக் கடன் ரூ.8 லட்சம் என்ற நிலை முதல் வாரத்திலேயே வந்துவிடும். விற்றாலும் தீராது. வங்கி காரை எடுத்துக்கொண்ட பிறகும் கார்டு பில் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். கார்டில் முன்பணம் போடுவதில் நான் காணும் பெரிய ஆபத்து இதுதான். வட்டி அதற்கு அடுத்தபடிதான்.

வங்கிக்கும் இது மறைவதில்லை. வரம்பு ரூ.2.5 லட்சம் உள்ள கார்டில் ரூ.2 லட்சம் நிலுவை ஏறினால், பயன்பாடு 80 சதவீதம் என்று கடன் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டில் விழும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண் இறங்கும். வாகனக் கடன் அனுமதியாகும் முன்பே முன்பணத்தைத் தேய்த்துவிட்டால், அந்தக் கடனின் வட்டியே கூடலாம்.

வருமான வரிப் பக்கம் சுருக்கமாக: ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்கு வங்கி வழியாக ரூ.10 லட்சமோ அதற்கு மேலோ, ரொக்கமாக ரூ.1 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் தகவல் வரித்துறைக்குப் போகும். ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1 சதவீதம் வரி வசூலிப்பார். கணக்குத் தாக்கல் செய்தால் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம்.

எல்லை தாண்டும் பழைய வண்டி

நம் வட்டாரத்தில் கார்டு அதிகம் வேலை செய்வது புதுக் காரில் இல்லை என்றே நினைக்கிறேன். பொள்ளாச்சிப் பதிவான டி.என். 41 வண்டியை ரூ.2 லட்சம், ரூ.3 லட்சத்துக்குப் பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் வாங்கும்போதுதான் அது நுழைகிறது. பழைய வண்டி என்றால் வங்கிகள் வயதைப் பார்த்துத் தயங்கும். கொடுத்தாலும் வட்டி கூட. விற்பவர் தனிநபர், அவரிடம் கார்டு இயந்திரம் இருக்காது.

அப்போது யாராவது ஒரு கடையைக் காட்டுவார்கள். பொருள் விற்றதுபோல் கார்டைத் தேய்த்து, நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாக எண்ணித் தருவார்கள். கையில் கிடைக்கும் துண்டுச் சீட்டில், வாங்காத ஒரு பொருளுக்குப் பணம் கொடுத்ததாக உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். கார்டு ஒப்பந்தத்தை மீறும் செயல் இது. வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கலாம். விற்பவருக்கும் சிக்கல் உண்டு: ஒரே விற்பனைக்கு ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தயவுசெய்து இந்த வழிக்குப் போகாதீர்கள்.

கார்டில் வாங்கினால் ஆர்.சி.யில் ஹெச்.பி. ஏறாது, மாநிலம் மாற்றுவது சுலபம் என்று ஒரு வாதம் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று பார்ப்போம்:

1. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 47-ஆவது பிரிவு.

2. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். பிறகு சித்தூர் அலுவலகத்தில் கே.எல். 70 எண்ணுக்கு விண்ணப்பித்து, கேரள வரியைக் கட்ட வேண்டும்.

3. ஹெச்.பி. இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை. விண்ணப்பம் கிடைத்து 7 நாளுக்குள் அவர் பதில் தராவிட்டால் சம்மதம் தந்ததாகவே கருதலாம் என்று 51-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆக, ஹெச்.பி.யால் கூடுவது ஒரு கடிதம், சில நாள் அலைச்சல். கடன் முடிந்த பிறகு படிவம் 35 கொடுத்து அந்தப் பெயரை நீக்கிவிடலாம். இந்த அலைச்சலைத் தவிர்க்க ரூ.1 லட்சத்துக்கு மேல் வட்டி கட்டுவது நியாயமான விலை இல்லை. வாங்கும் வண்டியில் பழைய ஹெச்.பி. ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கார்டு சரியாக வேலை செய்யும் இடம்

பணம் ஏற்கெனவே சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, டீலர் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை, கடைசித் தேதிக்குள் முழு பில்லையும் கட்டிவிடுவீர்கள் என்றால் தாராளமாகத் தேய்க்கலாம். 45 நாள் வரை வட்டியில்லாமல் பணம் உங்களிடமே இருக்கும். முன்பதிவுத் தொகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: முன்பதிவை ரத்து செய்த பிறகு டீலர் பணத்தை இழுத்தடித்தால் கார்டு வங்கியிடம் முறையிட வழியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அது இல்லை.

முன்பணமே இல்லை என்றால், ஓராண்டு தள்ளி வாங்குவதற்கு கேரளப் பக்கம் நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1969-இல் திருச்சூரில் தொடங்கிய அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டி, அதாவது சீட்டு, அது. அரசு நடத்துவது என்பதால் ஓடிப்போகும் சீட்டுக்காரர் பயம் இல்லை.

ஏற்கெனவே தேய்த்துவிட்டவர்களுக்கு

1. இன்றே வங்கியை அழைத்து அந்தத் தொகையை இ.எம்.ஐ.யாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மேலே போட்ட கணக்கில் ரூ.80,000 மிச்சம். நாள் கடந்தால் இந்த வசதியை மறுக்கும் வங்கிகள் உண்டு.

2. அது கிடைக்காவிட்டால் வங்கியில் நகைக் கடன் வாங்கிக் கார்டை ஒரேயடியாகத் தீர்ப்பது பற்றி வீட்டில் பேசுங்கள். நகையை வைப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒரு வட்டிக்குக் கிடைக்கும் பணத்தால் மூன்றரை வட்டிக் கடனை அடைக்கலாம்.

3. நிலுவை தீரும்வரை அந்தக் கார்டில் பெட்ரோல்கூடப் போடாதீர்கள்.

4. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண்.

5. கடைசித் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். கார்டு வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. தேங்காய் வெட்டு முடிந்து ரூ.50,000 கைக்கு வந்தால், 20 நாள் கழித்து வரும் கடைசித் தேதிவரை அதை வீட்டில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, வரியோடு சேர்த்து சுமார் ரூ.1,360. வந்த அன்றே கட்டிவிடுங்கள்.